தாச்சியா, கட்டானாவா?

சாமுராய் வாள் என்றாலே கட்டானா என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் அதற்கு முந்தையது தாச்சி. இரண்டுமே வளைந்த, ஒருபக்கம் மட்டும் கூரான வாள்தான், நீளமும் 60 சென்டிமீட்டருக்கு மேல். அப்புறம் என்ன வித்தியாசம்?

மாட்டும் விதம். தாச்சியைக் கூர்ப்பக்கம் கீழே பார்க்க இடுப்பிலிருந்து கயிற்றில் தொங்கவிடுவார்கள், குதிரை மேல் இருப்பவனுக்கு அதுதான் வசதி. கட்டானா கூர்ப்பக்கம் மேலே பார்க்க இடுப்புக் கச்சையில் செருகப்படும், உருவும்போதே வெட்டும் விழுந்துவிடும். தரையில் நின்று சண்டை போடுவது பெருகிய முரோமாச்சி காலத்தில் (ஜப்பானில் 14–16ஆம் நூற்றாண்டு) இது பரவியதில் ஆச்சரியமில்லை.

உறையே இல்லாமல் வெறும் வாள் கையில் கிடைத்தால்? கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் துருவேறிய அடித்தண்டைப் பாருங்கள். இடுப்பில் மாட்டும்போது வெளியே பார்க்கும் பக்கத்தில்தான் கொல்லர் பெயர் வெட்டுவார், அதனால் இரண்டிலும் பெயர் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும் (விதிவிலக்கான கொல்லர்களும் உண்டு). சிக்கல் என்னவென்றால், பழைய தாச்சிகள் பலவற்றை அடிப்பக்கம் வெட்டிக் குறைத்துக் கட்டானாவாக்கிவிட்டார்கள், பெயரும் அதோடு போயிற்று.

அழகுக்கு என் ஓட்டு தாச்சிக்குத்தான். டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் மிகாசுக்கி முனெச்சிக்கா என்ற புகழ்பெற்ற வாளும் தாச்சிதான், கைப்பிடிக்கு அருகிலேயே ஆழமாக வளைந்து நுனிக்குப் போகப்போக மெலிகிறது.