பிராசசர் 100 டிகிரி, ஹீட்சிங்க் வெதுவெதுப்பு: மூன்று வருட அனுபவம்

2018ல் அசெம்பிள் செய்து வாங்கிய கணினி. ஆறு கோர் பிராசசர், அதன் பெட்டியிலேயே வந்த கூலர் (சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட்சிங்க் என்ற உலோகத் தகடுகளும் அதன் மேல் ஒரு ஃபேனும் சேர்ந்தது). திருச்சியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன், தினமும் நான்கைந்து மணி நேரம் ரெண்டரிங் (எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் வேலை) ஓடும். நான்கு வருடம் எந்தக் குறையும் வைக்கவில்லை. 2022 மே மாதம், அக்னி நட்சத்திர வெயிலில், ரெண்டரிங் பாதியில் பட்டென்று அணைந்துபோக ஆரம்பித்தது.

சர்வீஸ் கடையில் “எஸ்எம்பிஎஸ் போயிருச்சுண்ணே, மாத்திடலாம்” என்றார்கள். கணினிக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி அது. 2,400 ரூபாய் ஆனது. இரண்டே நாளில் மறுபடி அணைந்தது. பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். கொஞ்சம் தாங்கியது, ஆனால் பதினைந்து நாளில் உள்ளே தூசு அப்பிவிட்டது. அந்த வைத்தியத்தை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அப்புறம்தான் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு வெப்பநிலையைப் பார்த்தேன். சும்மா இருக்கும்போதே 62 டிகிரி. ரெண்டரிங் தொடங்கிய பத்து விநாடிக்குள் 100. என் பிராசசருக்கு அதுதான் எல்லை. அதைத் தொட்டதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அப்படியும் அடங்காவிட்டால் மொத்தமாக அணைந்துவிடும். ஒரு மணி நேர ரெண்டரிங் சில வாரங்களாக ஏன் ஒன்றே முக்கால் மணி இழுத்தது என்பதும் அப்போது விளங்கியது.

எத்தனை டிகிரி என்பதைவிட எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். இதை நான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். தூசு அடைத்திருந்தாலோ காற்று வெளியேற வழியில்லாமல் இருந்தாலோ சூடு நிதானமாக, சில நிமிடங்கள் எடுத்து ஏறும். விநாடிகளில் எகிறி, வேலையை நிறுத்தியதும் அதே வேகத்தில் இறங்கினால், பிராசசரின் சூடு ஹீட்சிங்குக்குப் போய்ச் சேரவே இல்லை என்று அர்த்தம். கணினியை அணைத்து, மின் வயரையும் பிடுங்கிவிட்டு, ஹீட்சிங்க் தகடுகளை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஒரு நிமிடம் முன்பு திரையில் 100 காட்டியது. விரலுக்கோ ஆறிய காபி டம்ளர் போல வெதுவெதுப்புதான்.

மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் முதலில் தூசை எடுத்தேன். ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு போல ஒரு படலம். அடுப்படிப் புகையும் கொசுவர்த்திப் புகையும் சேர்ந்து பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் கெட்டுப்போகலாம். இவ்வளவு செய்தும் 100 என்பது 96 ஆனது, அவ்வளவுதான்.

கூலரைக் கழற்றியபோதுதான் உண்மையான காரணம் தெரிந்தது. பிராசசரின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்த இரண்டுக்கும் நடுவே தடவியிருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட், காய்ந்த திருநீறு போல உதிர்ந்தது. மதர்போர்டில் கூலரைப் பிடித்திருக்கும் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று பின்பக்கம் சரியாக விரியாமல், பாதியில் நின்றிருந்தது. அதனால் கூலர் ஒரு மூலையில் மயிரிழை அளவுக்குத் தூக்கிக்கொண்டிருந்தது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய வேட்டித் துணியால் பிராசசரின் மேல்பக்கத்தையும் கூலரின் அடிப்பக்கத்தையும் துடைத்து, பிராசசர் மேல் பட்டாணி அளவு எம்எக்ஸ்-4 என்ற பேஸ்ட் வைத்தேன். ஊசிகளை எதிரெதிர் மூலையாக, இரண்டிரண்டாக அழுத்த வேண்டும். ஒவ்வொன்றிலும் ‘டக்’ என்று சத்தம் வரும். சத்தத்தை மட்டும் நம்பாமல் போர்டைத் திருப்பி, நான்கு முனைகளும் வெளியே வந்து விரிந்திருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். என் கணினியில் நான்கு வருடம் யாரும் அதைப் பார்க்கவில்லை.

அறை வெப்பம் 35 டிகிரி இருந்த அதே மதியம் சோதித்தேன். சும்மா இருக்கும்போது 44, முழு வேலையில் 78. அந்த 78ஐத் தொடவும் எட்டு நிமிடம் ஆனது. அப்புறம் ஒரு சின்ன மாற்றம். கம்ப்யூட்டர் டேபிளின் அடைத்த அறைக்குள் இருந்த கேபினட்டை வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். இன்னும் ஐந்து டிகிரி குறைந்தது. பின் ஃபேன் ஊதும் சூடான காற்று மேசைக்குள்ளேயே சுற்றி, திரும்ப முன்பக்கமாக உள்ளே போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஆசைப்பட்டு முன்பக்கம் ஒரு புது ஃபேனும் மாட்டினேன். இரண்டு டிகிரிதான் லாபம். அந்தப் பணத்துக்கு நல்ல பேஸ்ட் வாங்கலாம்.

இப்போது மூன்று வருடம் ஆகிறது. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பதற்கு முன் ஒரு தடவை, சித்திரை பிறப்பதற்கு முன் ஒரு தடவை தூசு தட்டுகிறேன். ஒவ்வொரு தடவையும் அறை வெப்பத்தையும் பிராசசர் வெப்பத்தையும் சேர்த்தே ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். மார்கழியில் 60 காட்டுவதும் மே மாதம் 75 காட்டுவதும் ஒன்றுதான் என்பது அந்த நோட்டைப் பார்த்தால்தான் புரியும். பேஸ்டை இன்னும் மாற்றவில்லை, மாற்றத் தேவையும் வரவில்லை. போன மே மாதம் அறையில் 37 டிகிரி இருந்தபோது முக்கால் மணி நேர ரெண்டரிங் 76ஐத் தாண்டவில்லை. குறை என்றால் பின் ஃபேனில் கொஞ்ச நாளாக வரும் கரகர சத்தம்தான். 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், இந்த ஞாயிற்றுக்கிழமை மாட்ட வேண்டும். கடையில் ‘போச்சு’ என்று சொன்ன அந்த எஸ்எம்பிஎஸ் என் அக்கா மகன் கணினியில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.