வீட்டை இழுப்பதா, வீட்டையே ஓட்டுவதா?

அமெரிக்காவில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுச் சக்கரத்தின் மேல் நிரந்தரமாகக் குடியேறலாம் என்று முடிவெடுக்கும் தம்பதிகளுக்குள் முதல் வாக்குவாதம் இதில்தான் வரும்: ஃபிஃப்த் வீலா, மோட்டார்ஹோமா? நாங்கள் இரண்டிலும் குடியிருந்திருக்கிறோம். முதல் 14 மாதம் 34 அடி பெட்ரோல் மோட்டார்ஹோமில். அதை விற்றுவிட்டு, மூன்று வருடமாக ஃபிஃப்த் வீலில் இருக்கிறோம். எங்கள் விருப்பம் எந்தப் பக்கம் என்று இதிலேயே தெரிந்திருக்கும். ஆனாலும் எல்லாருக்கும் ஃபிஃப்த் வீல்தான் சரி என்று நான் சொல்லப்போவதில்லை.

புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். மோட்டார்ஹோம் நம் ஊர்ப் படப்பிடிப்புகளில் நிற்கும் கேரவன் மாதிரி, எஞ்சினும் வீடும் ஒரே வண்டி. ஃபிஃப்த் வீலுக்கு எஞ்சின் கிடையாது. பிக்கப் ட்ரக்கின் பின்பெட்டிக்குள், பின் அச்சுக்கு நேர்மேலே ஹிட்ச் என்ற இணைப்புக் கருவியைப் பொருத்தி, வீட்டின் மூக்கை அதன்மேல் உட்கார வைத்து இழுக்க வேண்டும். அந்த மூக்குக்கு மேலேதான் பெரும்பாலும் படுக்கையறை இருக்கும். பெயர் வந்தது குதிரை வண்டிக் காலத்தில். முன் அச்சு இடம் வலம் திரும்புவதற்காக, நாலு சக்கரம் போக ஐந்தாவதாக ஒரு வளையத்தைப் படுக்கை வசத்தில் வைத்தார்கள்.

வாங்குவதற்கு முன் நாங்கள் பார்த்த ஒப்பீடுகள் எல்லாம் ஓடும் வண்டியைப் பற்றியே பேசின. எது ஓட்டச் சுலபம், எது எவ்வளவு எரிபொருள் குடிக்கும், எதை நிறுத்துவது கஷ்டம் என்று. இரண்டு வாரச் சுற்றுலாவுக்கு அந்தக் கணக்கு சரி. வருடம் முழுக்க அதிலேயே குடியிருப்பவர்களுக்கு வேறு கணக்கு. எங்கள் வீடு சராசரியாக மாதத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது, மீதி 27 நாளும் நிற்கிறது. உங்கள் வீடு எத்தனை நாள் நிற்கும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்ற கேள்விகளில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

இது எங்களுக்கு உறைத்தது நியூ மெக்ஸிகோவில். ஏற்றத்தில் எஞ்சின் விளக்கு எரிந்தது, வண்டி இழுக்கவில்லை. பக்கத்து ஊர்ப் பட்டறையில் விட்டோம். உதிரிப் பாகம் வரவேண்டும், 11 நாள் ஆகும் என்றார்கள். கார் என்றால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். எங்கள் வீடே பட்டறைக்குள் நின்றது. அரிசி, மாத்திரை, இரண்டு வாரத் துணி, அலுவலக மானிட்டர் எல்லாவற்றையும் அட்டைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டு மோட்டலுக்குப் போனோம். மூன்றாம் நாள் மிக்ஸி ஜாரை விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்து திரும்பப் போனால், பட்டறை பூட்டியிருந்தது. சொந்த வீட்டுக்குள் போக அடுத்தவரிடம் அனுமதி கேட்டு நின்ற அன்று சாயங்காலம்தான், இதை விற்றுவிடலாம் என்று முதல்முறையாகப் பேசினோம்.

ஃபிஃப்த் வீலில் எஞ்சின் படுத்தால் ட்ரக் மட்டும் பட்டறைக்குப் போகும், வீடு, வீட்டு வண்டிகளை நிறுத்தும் பார்க்கில் அப்படியே நிற்கும். ட்ரக் பழசானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதோடு, மோட்டார்ஹோம் மாதக்கணக்கில் நின்றால் அதில் உள்ள விலையுயர்ந்த பொருளான எஞ்சினும் சும்மா நிற்கிறது. பேட்டரி இறங்கும், டயர் ஓடாமலே வயதாகும். டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தைப் பாருங்கள்: முதல் இரண்டும் தயாரித்த வாரம், கடைசி இரண்டும் வருடம். பட்டை எவ்வளவு மீதி இருந்தாலும் ஆறேழு வருடத்தில் மாற்றியாக வேண்டும். ட்ரக் விஷயத்தில் அந்தக் கவலை குறைவு, காய்கறி வாங்கக்கூட அதில்தானே போகிறோம்.

அரிசோனாவின் குவார்ட்ஸைட்டில் அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை நீண்டநாள் தங்க அனுமதி தருகிறார்கள். குளிர்காலத்தில் பாலைவனம் முழுக்க ஆர்விகளாக (இந்த மாதிரி வீட்டு வண்டிகளாக) நிற்கும். அங்கே எரிவாயு தீர்ந்தால் ஃபிஃப்த் வீல்காரர் சிலிண்டரைக் கழற்றி ட்ரக்கில் போட்டுக்கொண்டு போய் நிரப்பி வருவார். மோட்டார்ஹோமில் எரிவாயுத் தொட்டி வண்டியோடு பொருத்தியிருக்கும். நிரப்ப வேண்டுமென்றால் ஸ்லைடுகளை (பக்கவாட்டில் வெளியே விரியும் அறைப் பகுதிகளை) மூடி, மேசையில் இருப்பதை எல்லாம் எடுத்து வைத்து, வீட்டையே கிளப்ப வேண்டும். சின்ன விஷயம்தான். ஆனால் குளிர்காலத்தில் ஹீட்டரும் அதில்தான் ஓடுகிறது, அடிக்கடி தீரும்.

இடவசதியில் ஃபிஃப்த் வீலோடு போட்டியே இல்லை. ஓட்டுநர் இருக்கையும் டேஷ்போர்டும் எஞ்சினும் எடுக்கும் இடமெல்லாம் இங்கே கூடமாகிவிடுகிறது. எங்களுடையதில் சமையல் மேடை நடுவில் தனியாக நிற்கிறது. 50 ஆம்ப் இணைப்பு என்பதால் ஏசி ஓடும்போதே இண்டக்‌ஷன் அடுப்பும் கிரைண்டரும் போடலாம். 50 ஆம்பில் 120 வோல்ட் இரண்டு கம்பிகளில் வருவதால் 12,000 வாட் கிடைக்கும். 30 ஆம்பில் வெறும் 3,600தான். பழைய மோட்டார்ஹோம் 30 ஆம்ப். மாவரைக்க ஏசியை நிறுத்த வேண்டும், டெக்ஸாஸ் ஜூலையில் அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மோட்டார்ஹோமிலும் 50 ஆம்ப் வைத்தவை உண்டு, வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது ஃபிஃப்த் வீலின் நிஜமான சிக்கலுக்கு வருகிறேன். வீட்டின் விலையைப் பார்த்து மலிவு என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது ட்ரக்கில்தான்.

விளம்பரத்தில் இந்த ட்ரக் இத்தனை ஆயிரம் பவுண்டு இழுக்கும் என்று போட்டிருப்பார்கள். அந்த எண்ணை மறந்துவிடுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இவ்வளவு எடைக்கு மேல் போகக்கூடாது என்று அதில் இருக்கும் எண்தான் உங்கள் ட்ரக்கின் உண்மையான எல்லை. ஃபிஃப்த் வீலின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ட்ரக்கின் முதுகில் இறங்குகிறது. 15,000 பவுண்டு வீடு என்றால் 3,000 பவுண்டு. ஹிட்ச் 200, நாங்கள் இருவரும் 310, கருவிகள், கட்டைகள், தண்ணீர்க் குழாய் என்று இன்னும் 200. மொத்தம் 3,710. முக்கால் டன் (இது வகையின் பெயர்தான், சுமக்கும் எடை அல்ல) டீசல் ட்ரக்குகளில் பெரும்பாலும் அந்த ஸ்டிக்கர் 3,000-ஐக்கூடத் தொடாது. இழுக்கும் திறன் இருக்கும், சுமக்கும் திறன் இருக்காது. ஃபோர்டு எஃப்-350, ராம் 3500, சில்வராடோ 3500 போன்ற ஒரு டன் ட்ரக், அதிலும் பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரம் வைத்த டூலி தேவைப்படுவது இதனால்தான். டீசலில் புதிதாக வாங்கினால் அதுவே ஏறத்தாழ 80,000 டாலரிலிருந்து ஒரு லட்சம் வரை போகும். வீட்டுக்கு முன் ட்ரக்கை வாங்கிவிடாதீர்கள். வீட்டை முடிவு செய்து, அதன் முழு எடையைப் பார்த்து, அப்புறம் ட்ரக் தேடுங்கள்.

எரிபொருளில் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கள் மோட்டார்ஹோம் காலனுக்கு ஏழு மைல் கொடுத்தது. ட்ரக் வீட்டை இழுக்கும்போது பத்து, தனியாகப் போகும்போது 17.

இணைக்கும் வேலையையும் சொல்ல வேண்டும். வீட்டின் முன்கால்களைச் சரியான உயரத்துக்கு இறக்கி வைத்து, ட்ரக்கை அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுக்க வேண்டும். நான் ஓட்டுவேன், இவர் பக்கத்தில் நின்று, “வா, வா, இன்னும் அரை அடி, போதும்” என்பார். ஹிட்ச்சின் தாடை, வீட்டின் மூக்கடியில் உள்ள கிங்பின் என்ற தடித்த முளையைக் கவ்வும்போது கனமாக ஒரு சத்தம் கேட்கும். அதை நம்பிக் கிளம்பிவிடக் கூடாது. டார்ச் அடித்து ஹிட்ச்சின் தகட்டுக்கும் வீட்டின் தகட்டுக்கும் நடுவில் இடைவெளி இல்லையா என்று பார்க்க வேண்டும். பூட்டுமுள்ளைப் போட்டு, கேபிளைச் செருகி, முன்கால்கள் தரையைத் தொட்டிருக்கும்போதே வீட்டின் பிரேக்கை மட்டும் பிடித்து ட்ரக்கை மெல்ல முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். கவ்வாமல் கிளம்பினால் வீட்டின் மூக்கு ட்ரக் பெட்டியின் மேலேயே விழும். மழையிலும் இது அத்தனையும் செய்தாக வேண்டும், அரை மணி நேரம் ஆகும்.

மோட்டார்ஹோமின் சுகம் அந்த மாதிரி நாளில்தான் தெரியும். கொட்டுகிற மழையில் ஊர் வந்து சேர்ந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு எழுந்து உள்ளே போனால் போதும், கால் நனையாது. ராத்திரி நிறுத்திய இடம் சரியில்லை என்று தோன்றினால் வெளியே இறங்காமலே கிளம்பலாம். பெரும்பாலும் ஜெனரேட்டர் கூடவே வரும். தனியாகப் பயணம் செய்யும் பெண்கள் பலர் இதையே தேர்ந்தெடுப்பதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் இதுதான் நல்லது. ஃபிஃப்த் வீலில் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடப் படி இறங்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. மோட்டார்ஹோம்காரர்கள் பின்னால் ஒரு சின்னக் காரைக் கட்டி இழுத்து வருவார்கள், டோட் என்பார்கள். நாலு சக்கரமும் தரையில் உருள வரும் அந்தக் காரோடு பின்னால் எடுக்கவே முடியாது. ஆனால் ஊரில் இறங்கிவிட்டால் கையில் ஒரு ஜீப் இருக்கும். மொன்டானாவில் கிளேசியர் தேசியப் பூங்காவுக்குப் போனபோது அதன் அருமை தெரிந்தது. அங்கே கோயிங்-டு-தி-சன் சாலையின் மலைப் பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதியில்லை. கண்ணாடியோடு சேர்த்து அகலமும் எட்டடிக்குள் இருக்க வேண்டும். வீட்டை விடுங்கள், எட்டடிப் பெட்டி வைத்த எங்கள் டூலியையே விடமாட்டார்கள். பக்கத்து இடத்தில் நின்ற மோட்டார்ஹோம் தம்பதி காலையில் ஜீப்பை அவிழ்த்துக்கொண்டு மலையேறிவிட்டார்கள். நாங்கள் வாடகைக் கார் தேடினோம்.

உயரம் இரண்டுக்குமே பயம்தான். வட கரோலினாவில் டர்ஹம் நகரில் லாரிகளின் கூரையைச் சீவி எடுத்துப் பேர் வாங்கிய 11 அடி 8 அங்குல ரயில் பாலத்தை 2019-இல் 12 அடி 4 அங்குலமாக உயர்த்தினார்கள். எங்கள் வீடு 13 அடி 4 அங்குலம். உங்கள் உயரத்தை அளந்து ஸ்டீயரிங்குக்கு மேலே எழுதி ஒட்டுங்கள்.

காகித வேலைகளில் இரண்டுக்கும் பொதுவானவை அதிகம். உற்பத்தியாளரின் வாரண்டி முழுநேரக் குடியிருப்புக்குச் செல்லுமா என்று எழுத்தில் கேளுங்கள், பலவற்றில் செல்லாது. காப்பீடும் முழுநேரம் தங்குபவர்களுக்கானது தனி. நிரந்தர முகவரிக்குப் பலரும் டெக்ஸாஸ், ஃபுளோரிடா, தெற்கு டகோட்டா பக்கம் போகிறார்கள். 1978-இல் தொடங்கிய எஸ்கேப்பீஸ் ஆர்வி கிளப் டெக்ஸாஸின் லிவிங்ஸ்டனில் இருந்து உறுப்பினர்களுக்குத் தபாலைத் திருப்பி அனுப்புகிறது, எங்கள் முகவரியும் அங்கேதான். உரிமத்தில் மட்டும் வித்தியாசம் வரும். டெக்ஸாஸில் ட்ரக்கும் வீடும் சேர்ந்து 26,000 பவுண்டைத் தாண்டினால் ஏ வகுப்பு உரிமம், ஒற்றை மோட்டார்ஹோமே அதைத் தாண்டினால் பி வகுப்பு. எச்-1பி விசாவில் இருப்பவர்கள் இந்த ஆசையைக் கொஞ்சம் தள்ளி வைப்பது நல்லது. மனுவில் சொன்ன வட்டாரத்தைத் தாண்டி வேலை செய்யும் இடம் மாறினால் நிறுவனம் திருத்த மனு போட வேண்டியிருக்கும். நாங்கள் கிரீன் கார்டு வந்த பிறகுதான் கிளம்பினோம்.

மூன்று நாளைக்கு ஓர் ஊர் என்று சுற்றப் போகிறவர்களுக்கு நான் மோட்டார்ஹோமும் சின்னக் காரும் என்றே சொல்வேன். ஒரு பருவத்துக்கு ஓர் ஊர், வீட்டிலிருந்தே வேலை, தினமும் சமையல் என்றால் ஃபிஃப்த் வீலும் டூலியும். எதுவானாலும் கடைக்குப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் வீட்டின் ஸ்லைடுகள் எல்லாம் வெளியே விரிந்து, உள்ளே மண்டபம் மாதிரி இருக்கும். அவற்றை முழுக்க உள்ளே இழுக்கச் சொல்லிவிட்டு, கழிவறைக்கும் ஃப்ரிட்ஜுக்கும் போக முடிகிறதா என்று நடந்து பாருங்கள். எங்களுடையதில் ஸ்லைடை மூடினால் ஃப்ரிட்ஜ் கதவு நாலு விரல் அகலம்தான் திறக்கும். அதனால் கிளம்புகிற அன்று காலையிலேயே தயிர்சாதத்தைக் கட்டி ட்ரக்கின் பின்சீட்டில் வைத்துவிடுகிறேன்.