கூரைப்பல் யானை மாதிரி: தந்தம் சரி, பல் சரியில்லை

ரங்கூனில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்காக, ஸ்டெகோடான் என்னும் அழிந்துபோன யானை உறவினத்தின் எலும்புக்கூட்டு மாதிரி ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். வார்ப்புப் பிசினில் செய்த 34 துண்டுகளைப் பசை கொண்டு பொருத்த வேண்டும். பொருத்தி முடித்தால் ஒரு முழ நீளம் வருகிறது. பெயர்பெற்ற மாமூத்தை விட்டு இதைத் தேர்ந்ததற்குக் காரணம், இது நம் ஐராவதி ஆற்றங்கரை விலங்கு என்பதே. 1826இல் பர்மிய மன்னரின் ஆவா அரசவைக்குப் பிரிட்டிஷ் தூதராகச் சென்ற ஜான் கிராஃபர்ட், யேனான்ஜவுங் எண்ணெய்க் கிணறுகளை அடுத்த வறண்ட மேடுகளில் திரட்டிய புதைபடிவங்களுள் இதன் பற்களும் இருந்தன. அவற்றை ஆராய்ந்த வில்லியம் கிளிஃப்ட், 1828இல் மாஸ்டோடான் என்னும் வேறோர் அழிந்த யானை உறவினத்தின் பெயரையே இட்டார். ஐராவதத்தை நினைவூட்டும் பெயருடைய ஆற்றின் கரையில் யானைப்பல் கிடைத்ததில் எனக்கு வியப்பில்லை.

மாதிரியின் சிறப்பு தந்தங்கள். சில ஸ்டெகோடான்களுக்குத் தந்தங்கள் மிக நீண்டு, ஒன்றையொன்று ஒட்டியே வளர்ந்தமையால், தும்பிக்கை இடையில் தொங்க வழியின்றிப் பக்கவாட்டில் கிடந்திருக்கும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அந்த நெருக்கத்தைச் செய்தவர் அப்படியே காட்டியிருக்கிறார்.

இவ்வளவு கவனம் காட்டியவர் பல்லில் கோட்டை விட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை. கிரேக்கத்தில் 'கூரைப்பல்' என்று பொருள்படும் பெயர் இதற்கு வந்ததே, கடைவாய்ப் பல்லின் குறுக்கே ஓட்டுக்கூரைபோல் இருபுறமும் சரியும் வரம்புகளால்தான். இன்றைய யானையின் பல்லோ உயரமானது, நெருக்கமான தகடுகளால் ஆனது, தேயத் தேயத் தட்டையாவது. பெட்டியில் வந்த கீழ்த்தாடையில் இருப்பது இந்த இரண்டாவது வகை. உடன் வந்த கையேடும் இதை இன்றைய யானையின் பாட்டன் என்கிறது. உண்மையில் இது தனிக் குடும்பமாகப் பிரிந்து சந்ததியின்றி முடிந்த பங்காளிக் கிளை.

துண்டுகள் உறுதியானவை, விலையும் தாங்கக்கூடியதே என்பதால் வாங்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நான் எபாக்சிப் பசையில் வரம்புகளைப் பிடித்து, காய்ந்தபின் சிற்றரத்தால் சரிவு கொடுத்தேன். இரண்டு மாலைகள் போயின. வாலின் கடைசி எலும்பு பெட்டியில் இல்லை. கேட்டால், செய்தவருக்கு எழுதியிருப்பதாகவே கடைக்காரர் இன்றுவரை சொல்கிறார்.