விசா மெடிக்கல் டாக்டர்: கையேடா, மாநாடா, பக்கத்து நாற்காலியா?

தீபாவளிக்குச் சுங்கை சிப்புட் வந்த அக்கா மகன், முறுக்குத் தட்டுக்குப் பக்கத்திலேயே மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தான். அவன் வேலை பார்க்கும் பினாங்கு கிளினிக்கில் விசாவுக்கு மெடிக்கல் பார்க்கும் பேனல் டாக்டர் சீக்கிரம் ஓய்வு பெறப் போகிறாராம். அந்த இடத்துக்கு இவனைத் தயார் பண்ணப் பார்க்கிறார்கள்.

"மாமா, மூணு வழி சொல்றாங்க. கையேடு படிச்சு ஆன்லைன் மாட்யூல் முடிக்கலாம். வெளிநாட்டுல நடக்கிற பயிற்சி மாநாட்டுக்குப் போகலாம். இல்லன்னா பெரிய டாக்டர் பக்கத்துல உட்கார்ந்து கத்துக்கலாம். எது நல்லது?"

நான் பேனல் டாக்டர் இல்லை. ஆனால் 1997-ல் ஃபோமேமா என்ற மலேசிய மருத்துவப் பரிசோதனைத் திட்டம் வந்ததற்கு அடுத்த வருடத்திலிருந்து, செம்பனைத் தோட்டத்துக்கு வரும் வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பரிசோதித்து வருகிறேன். உள்ளே வருகிறவனைப் பார்ப்பது என் வேலை, வெளியே போகிறவரைப் பார்ப்பது அவன் வேலையாகப் போகிறது. எதிரே உட்காருகிற ஆள் மட்டும் ஒரே மாதிரிதான். சாதாரண நோயாளி வலிக்காத இடத்திலும் வலிக்கிறது என்பார். இவர்கள் வலிக்கிற இடத்திலும் வலிக்கவில்லை என்பார்கள். மருத்துவக் கல்லூரியில் இதற்குப் பாடம் கிடையாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எந்த வழியில் படித்தாலும் படித்ததற்காக யாரும் பேனலில் சேர்ந்துவிட முடியாது. இடம் காலியாகி, தேவையும் இருந்தால் அந்தந்த நாடு பார்த்து நியமிக்கும். அமெரிக்கா என்றால் தூதரகம் நியமிக்கும், அந்நாட்டு நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி வகுத்த தொழில்நுட்ப விதிகளை டாக்டர் பின்பற்ற வேண்டும். அமெரிக்காவுக்குள்ளேயே இருந்து விண்ணப்பிக்கிறவர்களைப் பார்க்கும் 'சிவில் சர்ஜன்' வேறு ஆள். உரிமம் பெற்று 4 வருட அனுபவமாவது இருக்க வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. நம் பையனுக்கு அது சம்பந்தமில்லை.

சரி, கையேடு. இதை மட்டமாக நினைக்கக் கூடாது, ஏனென்றால் நாட்டுக்கு நாடு விதி அவ்வளவு வேறு. ஒரே ஒரு எச்ஐவி பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா 2010 ஜனவரியில் எச்ஐவியைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, விசாவுக்காக அந்தப் பரிசோதனையே தேவையில்லை. கனடாவும் ஆஸ்திரேலியாவும் குடியேறுகிறவர்களில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கேட்கின்றன. ஆனால் பாசிட்டிவ் என்றால் உடனே கதவைச் சாத்துவதில்லை, சிகிச்சைச் செலவு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் பார்க்கின்றன. இங்கே ஃபோமேமாவில் பாசிட்டிவ் வந்தால் தகுதியில்லை, ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஒரு சொட்டு ரத்தம், மூன்று விதமான தலையெழுத்து. பிரிட்டனுக்கு 6 மாதத்துக்கு மேல் தங்கப் போகிற மலேசியருக்கோ காசநோய்ப் பரிசோதனையோடு வேலை முடிந்துவிடும். இதையெல்லாம் யாராலும் மனப்பாடமாக வைத்திருக்க முடியாது. பெரிய டாக்டர் சொன்னார் என்று நம்பியும் செய்யக் கூடாது.

பக்கத்து நாற்காலிப் படிப்பின் பெரிய ஓட்டையே இதுதான். குரு எந்த வருடம் நின்றாரோ சீடனும் அதே வருடத்தில் நிற்பான். நம் ஊரில் பிறந்த உடனே காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்டுவிடுகிறோம். அந்தக் குழந்தைக்குப் பின்னால் தோலில் ஊசி குத்தும் பழைய காசநோய் டெஸ்ட் எடுத்தால், நோயே இல்லாமல் வீங்கிக் காட்டலாம். மலேசியா மாதிரி காசநோய் அதிகமுள்ள நாடுகளில் 2 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு ரத்தத்தில் பார்க்கும் ஐக்ரா டெஸ்ட்தான் எடுக்க வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது. தோல் டெஸ்டிலேயே காலம் தள்ளிய டாக்டரிடம் கற்றவனுக்கு இது எப்படித் தெரியும்?

மாநாட்டைப் பற்றி அவனுக்கு ஏகப்பட்ட கனவு. விமானம், ஹோட்டல், கழுத்தில் அட்டை. ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் அதிகாரிகளும் வந்து பேனல் டாக்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் கூட்டங்கள் அவை. அங்கே போனால் விதிக்குப் பின்னால் இருக்கிற கதை கிடைக்கும். அமெரிக்கா ஏன் சளியை நுண்ணோக்கியில் பார்த்தால் மட்டும் போதாது, அதிலுள்ள கிருமியை வளர்த்தும் பார் என்கிறது? 2004, 2005-ல் தாய்லாந்தின் வாட் தம் கிராபொக் முகாமிலிருந்து போன மோங் அகதிகளிடம், பல மருந்துக்கும் அடங்காத காசநோய் கண்டுபிடிக்கப்பட்டது. பழைய முறையில் தப்பிவிடுகிறது என்று புரிந்து, 2007-ல் விதியையே மாற்றினார்கள். காரணம் தெரிந்தவன் நோயாளி கெஞ்சினாலும் அந்தப் படியைத் தாண்டமாட்டான்.

கெஞ்சத்தான் செய்வார்கள். எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் மூன்று நாள் சளி கொடுக்க வேண்டும். அதை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் நெகட்டிவ் என்று சொல்ல 8 வாரம் வரைக்கும் ஆகும். அதற்குள் பிள்ளைக்கு அங்கே காலேஜ் திறந்துவிடும்.

மாநாட்டில் எனக்கு ஒரு குறை. பெரும்பாலும் போவது டாக்டர்தான். முன்மேசையில் பாஸ்போர்ட்டையும் முகத்தையும் ஒத்துப் பார்க்கும் பெண் போவதில்லை, எக்ஸ்ரே எடுக்கிறவர் போவதில்லை. ஆள் மாறாட்டம் நடந்தால் அங்கேதான் நடக்கும். சளி டப்பாவைக் கையில் கொடுக்கிற நர்சும் போவதில்லை. "துப்பிட்டு வாங்க" என்று அவர் சொன்னால், டப்பாவில் எச்சில்தான் வரும். காலையில் வெறும் வயிற்றில், வாயைக் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமச் சொல்ல வேண்டும். கெட்டியாக வந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். எச்சிலை அனுப்பிவிட்டு 8 வாரம் காத்திருப்பது யாரை ஏமாற்ற?

மூன்றாவது வழிதான் நான் வந்த வழி, அதனால் சாய்வு இருக்கும். அதையும் கழித்துக்கொண்டே படியுங்கள்.

1998-ல் நான் சேர்ந்தபோது கிளினிக் முதலாளி வயதான டாக்டர். அந்தக் காலத்து எஸ்டேட் டிரெஸ்ஸர்களோடு, அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளர்களோடு, லயம் லயமாக நடந்தவர். ஒரு நாள் வேன் நிறைய ஆட்கள். எனக்கு அவசரம். தோல் நார்மல், கழுத்தில் கட்டி இல்லை, நார்மல், நார்மல் என்று டிக் அடித்துக்கொண்டே போனேன். பின்னால் வந்து நின்றவர் கடைசி ஆளிடம் "பூகா பாஜு" என்றார். சட்டையைக் கழற்றினான். இடது தோள்பட்டைக்குக் கீழே ஐம்பது காசு அகலத்துக்கு வெளுத்த தேமல். நான் அந்த ஆளை ஏற்கனவே நார்மல் என்று எழுதிவிட்டேன்.

டாக்டர் பஞ்சை எடுத்துத் திரி மாதிரி முறுக்கினார். கண்ணை மூடச் சொல்லி, தொடும் இடத்தை விரலால் காட்டச் சொன்னார். தோளில் தொட்டார், காட்டினான். இடுப்பில் தொட்டார், காட்டினான். தேமலின் நடுவில் தொட்டார், சும்மா நின்றான். அப்புறம் எங்குமே தொடாமல் "இப்போ?" என்று மலாயில் கேட்டார். அதற்கும் சும்மா நின்றான். அவன் ஊகித்துச் சொல்கிறானா என்று பார்க்கத்தான் அந்தத் தொடாத தொடல். தொழுநோய். ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். 1930-லேயே சுங்கை பூலோவில் தொழுநோய்க்கென்று ஒரு குடியிருப்பே கட்டிய நாடு இது, மாத்திரையில் குணமாகிற நோய் என்பது இங்கே எல்லா டாக்டருக்கும் தெரியும். வேனில் ஏறும்போது அவன் தலையெழுத்து என்னவென்று எனக்கும் தெரிந்திருந்தது.

தொழுநோய்த் தேமலின் படம் எந்த மாட்யூலிலும் இருக்கும். படத்தில் இருக்கிறவன் சட்டை போட்டிருக்கமாட்டான், அதுதான் வித்தியாசம்.

இன்னொரு விஷயமும் பக்கத்து நாற்காலியில்தான் வரும். மெல்பர்னில் மகளோடு போய் இருக்க பெற்றோர் விசாவுக்கு எழுதிய ஒரு பாட்டி, பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். நுரையீரல் மேல்பகுதியில் தழும்பு. சின்ன வயதில் காசநோய்க்கு மருந்து சாப்பிட்டவர், வெட்கத்தில் சொல்லவில்லை. "பழைய படம் இருக்கா பாட்டி?" என்று தமிழில் கேட்டபோதுதான், பீரோவில் சேலைக்கு அடியில் பத்து வருடமாகக் கிடந்த எக்ஸ்ரே உறை வந்தது. இரண்டையும் வைத்துப் பார்த்தால் தழும்பு அசையவே இல்லை. அதையும் பாட்டி கையில் கொடுத்து, பேனல் டாக்டரிடம் மறைக்காமல் காட்டச் சொல்லி அனுப்பினேன். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாத டாக்டரும் தப்பு செய்திருக்கமாட்டார், விதிப்படி சளிக்கு அனுப்பியிருப்பார். படம் இருந்தாலும் சளி கேட்பது அவர்கள் உரிமை. ஆனால் முடிவெடுக்கிற அதிகாரிக்கு முழுக்கதை போக வேண்டுமே.

ஏனென்றால் முடிவு டாக்டர் கையில் இல்லை. ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்துக்கு இமெடிக்கல் என்ற ஆன்லைன் அமைப்பில் பரிசோதனை விவரத்தை ஏற்றி, சொல்லும்படி ஒன்றுமில்லை என்றால் ஏ, இருந்தால் பி என்று தரம் போடுவதோடு பேனல் டாக்டர் வேலை முடிந்தது. பாஸ், ஃபெயில் எல்லாம் அங்கே இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். புதுசாக வருகிற பையன்களுக்கு இதுதான் பிடிபடுவதில்லை. பாவம் பார்த்து ஏ போடுவார்கள், இல்லையென்றால் பயந்து எல்லாவற்றுக்கும் பி.

அவனுக்கு நான் சொன்னது இதுதான். முதல் இரண்டு மாதம் பெரியவர் பக்கத்தில் உட்கார், பேசாதே, தொட்டுப் பார். ராத்திரி கையேட்டைத் திற, பகலில் அவர் செய்தது அதோடு ஒத்துப் போகிறதா என்று பார், போகாவிட்டால் மரியாதையாகக் கேள். மாநாடு ஒரு வருடம் கழித்துப் போதும். கேள்வி இல்லாமல் போனால் பஃபே சாப்பாடுதான் மிச்சம். கிளினிக் பணம் கொடுத்தால் முன்மேசைப் பெண்ணுக்கும் ஏதாவது பயிற்சி கேட்டு வாங்கு.

தலையாட்டினான். அப்புறம் எழுந்துபோய் அக்காவின் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் திரிக்கு வைத்திருந்த பஞ்சைக் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு வந்தான். "சட்டையைக் கழட்டுங்க மாமா, கண்ணை மூடுங்க." தோளில் பட்டது, காட்டினேன். முதுகில் பட்டது, காட்டினேன்.

"இப்போ?" என்றான்.

ஒன்றும் படவில்லை என்றேன்.