காரைக்குடியில் வாங்கிய தல்வார் ரெப்ளிகா: பிடிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஒன்றில் ஆர்டர் கொடுத்து வாங்கிய தல்வார் ரெப்ளிகா, கொடுத்த காசுக்கு முழு மதிப்புள்ள பொருள். பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. வாள் சேகரிப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். சுவரில் பளபளப்பாக ஏதாவது தொங்கினால் போதும் என்பவர்களுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை.

தல்வார் தெரியாதவர்களுக்கு: லேசாக வளைந்த ஒற்றைவாய் வாள், முழுக்க இரும்பில் பிடி, பிடியின் கடைசியில் வட்டமாக ஒரு தட்டு. திப்பு சுல்தானின் வாள் என்று படங்களில் பார்ப்பீர்களே, அதைப் போன்ற பிடி. 2023 மே மாதம் லண்டனில் போனாம்ஸ் ஏலத்தில் திப்புவின் படுக்கையறை வாள் சுமார் 1.4 கோடி பவுண்டுக்குப் போனதே, அந்தச் செய்திக்குப் பிறகு புலித்தலை வைத்த 'திப்பு வாள்' கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார். நான் கேட்டது அலங்காரம் இல்லாத சாதாரணத் தல்வார்.

அந்தக் கடையில் எனக்கு மிகவும் பிடித்தது அவர் சொன்ன முதல் வாக்கியம்தான். "அண்ணே, இது புதுசு, டேராடூன் பக்கம் பட்டறையில அடிச்சது, பழசுன்னு நினைச்சு வாங்காதீங்க." இதைச் சொல்ல இந்தத் தொழிலில் நிறைய மனசு வேண்டும். ஏனென்றால் செட்டிநாட்டில் ஒரு பொருளோடு கதையைச் சேர்த்து விற்பது அவ்வளவு சுலபம். பெரிய வீடுகள் பங்கு பிரிந்து, பராமரிக்க ஆளில்லாமல் இடிபடும்போது பர்மாத் தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்குச்சட்டி, ரவிவர்மா அச்சுப்படம் எல்லாம் உண்மையாகவே இந்தத் தெருவுக்குத்தான் வந்து சேர்ந்தன. அந்த உண்மையின் முதுகில் ஏறிக்கொண்டு, போன வருஷம் செய்த வாளையும் 'கானாடுகாத்தான் வளவில் இரண்டாங்கட்டில் கிடந்தது' என்று சொல்லி நாலு மடங்கு விலைக்குத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். நகரத்தார் வணிகம் செய்தவர்கள், பெட்டகமும் கணக்கேடும் வீட்டுக்கு வீடு இருந்திருக்கும், வாளும் அப்படி இருந்திருக்கும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வீட்டின் அழகில் மயங்கி அதையும் நம்பிவிடுகிறார்கள், எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு.

அப்படி ஒரு 'பழைய' வாளை வேறொரு கடையில் கையில் வாங்கிப் பார்த்தேன். அலகு முழுக்க ஒரே சீரான செம்பழுப்புத் துரு. உண்மையான பழைய இரும்பில் துரு அப்படி இருக்காது. எண்ணெய் காட்டி வைத்திருந்த இடம் கறுத்து வழவழப்பாக இருக்கும், ஈரம் பட்ட இடத்தில் மட்டும் குழிகுழியாக அரித்திருக்கும், கைபட்டுத் தேயும் இடமும் கைபடாத இடமும் வேறு வேறாகத் தெரியும். அமிலமோ உப்புத் தண்ணீரோ ஊற்றி மண்ணில் புதைத்தெடுத்தால் எல்லா இடமும் ஒன்றுபோல அரிக்கும். அந்த வாளின் துருவுக்கு அடியிலேயே கிரைண்டர் ஓடிய கோடுகள் குறுக்கே வரிசையாகத் தெரிந்தன. பிடி அலகைத் தொடும் இடத்தில் வெல்டிங் பொட்டு வேறு. 'நூற்றைம்பது வருஷம் பழசு' என்றார்கள். உண்மையாகவே நூறு வருஷத்துக்கு மேல் பழசு என்றால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும், விற்பதற்கு உரிமம் வேண்டும், நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகவும் முடியாது. உரிமம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் வாளின் வயது அங்கேயே குறைந்துவிடும்.

சரி, என் வாளுக்கு வருகிறேன். ரெப்ளிகாவில் கண்ணுக்குத் தெரியும் பகுதியைவிடத் தெரியாத பகுதி முக்கியம். அரிவாளுக்கு மரப்பிடிக்குள் போகும் காம்பு இருக்கிறதே, வாளுக்கும் அதேதான். மலிவான சுவர் வாள்களில் அலகு பிடிக்கு வெளியிலேயே முடிந்துவிடும், அதன் அடியில் பென்சில் தடிமனுக்கு ஒரு கம்பியை வெல்டிங் வைத்து, மறுமுனையில் நட்டுப் போட்டு முறுக்கியிருப்பார்கள். பார்க்க ஒரு குறையும் தெரியாது. சும்மா வீசிப் பார்த்தாலே அந்த வெல்டிங் விட்டு அலகு தனியாகப் பறந்துபோகலாம், எதிரே யார் நிற்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே காம்பைப் பற்றிக் கேட்க வேண்டும்.

ஆனால் காம்பு பிடி முழுக்கப் போக வேண்டும் என்று ஐரோப்பிய வாள்களுக்குச் சொல்லும் விதியை அப்படியே தல்வாருக்குப் போடக் கூடாது. அசல் தல்வார்களிலேயே காம்பு குட்டையாகத்தான் இருக்கும். பிடியின் உள்கூட்டில் அரக்கு கலந்த பிசினை உருக்கி ஊற்றி அதில் காம்பைச் சூடாக இறக்கிவிடுவார்கள், ஆறியதும் கல்லாகப் பிடித்துக்கொள்ளும். போரில் அதை வைத்தேதான் சண்டை போட்டார்கள். ஆகவே குட்டைக் காம்பு என்பதற்காகவே ஒரு தல்வாரை மட்டம் என்று சொல்ல முடியாது, அலகும் காம்பும் ஒரே இரும்பா என்பதுதான் கேள்வி. என் வாளில் காம்பு அலகோடு ஒன்றாக அடிக்கப்பட்டு, பிடியின் நீளம் முழுக்கப் போகிறது, உள்ளே எபாக்சி பசை. தட்டிப் பார்த்தால் கலகலப்பு இல்லை, ஒரே சத்தம். அரக்கு வைத்த வாள் யாரிடமாவது இருந்தால், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள், அரக்கு இளகும்.

அலகு ஈஎன்45 ஸ்பிரிங் எஃகு. பெயர் பெரிதாக இருக்கிறதே என்று பார்க்க வேண்டாம், லாரிப் பட்டைக்குப் போடும் ஜாதி எஃகுதான். நம் சிவகங்கை மாவட்டத்தில் திருப்பாச்சேத்தி அரிவாளைத் தெரியாதவர்கள் கிடையாது, அரிவாள் பட்டறைகளிலும் பழைய லாரிப் பட்டையை வெட்டிக் காய்ச்சித்தான் அடிக்கிறார்கள். அந்த எஃகுக்குத் தோய்ச்சல், அதாவது காய்ச்சி முக்கி எடுக்கும் பதம், சரியாக விழுந்தால் வளைத்தாலும் திரும்ப நேராகிவிடும். கடைக்காரர் அனுமதியோடு நுனியை மரப்பலகையில் ஊன்றி மெதுவாக அழுத்திப் பார்த்தேன், வளைந்து திரும்பியது. 1060, 1095 என்று எண் போட்டு விற்கும் கார்பன் எஃகு வாள்களும் நல்லவைதான், எண் கூடக்கூடக் கார்பன் கூடும், கடினம் கூடும், தோய்ச்சல் தப்பினால் உடையவும் செய்யும். 420, 440 என்று இருந்தால் அது துருப்பிடிக்காத எஃகு. காய்கறிக் கத்திக்கு அருமை, வாள் நீளத்துக்கு ஆகாது, அதைச் சுவரில் மட்டும் மாட்டுங்கள்.

எடை ஒரு கிலோவை ஒட்டி. அசல் தல்வார்களும் பெரும்பாலும் இந்த அளவில்தான் இருக்கும். வாள் என்றால் தூக்கவே முடியாத கனம் இருக்க வேண்டும் என்று சினிமா நம்மைப் பழக்கிவிட்டது. எடையைவிட அது எங்கே உட்காருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நல்ல அலகு பிடிக்குப் பக்கத்தில் தடிமனாகத் தொடங்கி நுனிக்குப் போகப்போக மெலிய வேண்டும். மலிவு வாள்களில் ஒரே தடிமன் தகட்டை வாள் வடிவத்துக்கு வெட்டிவிடுவார்கள், நுனி கனத்துக் கையைக் கீழே இழுக்கும். இதில் முதுகைப் பார்த்தாலே மெலிவு தெரிகிறது. இருந்தாலும் நடுவுக்கு மேல் இன்னும் கொஞ்சம் மெலித்திருக்கலாம், அரை மனசோடு தேய்த்து நிறுத்தியது போல இருக்கிறது. இது ஒரு குறை.

பிடியைப் பற்றி நிறையப் பேர் புகார் சொல்வார்கள், கை நுழையவில்லை, சின்னதாக இருக்கிறது என்று. அந்தக் காலத்து ஆட்களின் கை சின்னது என்று ஒரு விளக்கமும் ஓடுகிறது, அது தவறு. தல்வார் பிடி கையை இறுக்கிப் பிடிப்பதற்காகவே அப்படிச் செய்யப்பட்டது. கை ஆடாமல் பூட்டிக்கொள்ளும், கீழே இருக்கும் தட்டு மணிக்கட்டில் முட்டி, இழுத்து அறுக்கும் வெட்டுக்கு வழி செய்யும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்காகப் பிடியைப் பெரிதாக்கிய ரெப்ளிகாக்களைப் பிடித்துப் பார்த்தால் வாள் உள்ளங்கையில் உருள்கிறது. இந்த வாளில் பழைய அளவையே வைத்திருக்கிறார்கள், அதற்கே தனியாக ஒரு மதிப்பெண் கொடுக்கலாம்.

உறை சுமார்தான். மரத்துக்கு மேல் சிவப்பு வெல்வெட், தைத்த இடம் ஒரு பக்கம் பிரிகிறது, வாய்ப்பக்கத் தகரம் கூர்மையாக விட்டுப்போயிருக்கிறது. நானே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டேன். இந்த விலைக்கு உறையில் இன்னும் கவனம் எடுத்திருக்கலாம்.

கடையில் டமாஸ்கஸ் என்று, எஃகிலேயே அலையலையாக நெளிவு தெரியும் அலகு ஒன்றும் காட்டினார்கள், இரட்டை விலை. இதில்தான் காசு அதிகம் போகிறது. நம் கொங்குப் பக்கம் கொடுமணலில் சான்று கிடைத்திருக்கும், பழைய டமாஸ்கஸ் வாள்களுக்குப் பெயர் வாங்கித் தந்த மூசை உருக்கு வேறு, இன்று டமாஸ்கஸ் என்று விற்பது வேறு. பழையது மூசையில் உருக்கிய எஃகு, கார்பன் மிக அதிகம், அடிக்கும்போது நெளிவு தானாக உள்ளிருந்து எழும். இன்றையது இரண்டு ஜாதி எஃகை அடுக்கி, மடித்து அடித்து, அமிலத்தில் காட்டுவது. அதுவும் கைவேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெறும் தகட்டில் அமிலத்தால் கோடு வரைந்துவிட்டு அந்தப் பெயரில் விற்பதும் நடக்கிறது. அலகின் முதுகைப் பாருங்கள், நெளிவு முதுகைத் தாண்டி மறுபக்கம் போகிறதா, இல்லை ஓரத்தில் வெட்டினாற்போல நிற்கிறதா என்று. நின்றால் அது வரைந்தது.

நம் மாவட்டத்துக்காரர்கள் 'வேலுநாச்சியார் வாள்', 'மருதுபாண்டியர் வாள்' என்று கேட்டு வாங்குகிறார்கள், கடைகளும் அந்தப் பெயரில் இதே தல்வாரைக் கொடுக்கிறார்கள். வடிவம் 18ஆம் நூற்றாண்டுக்குப் பொருந்தாதது இல்லை, ஆனால் அவர்கள் கையில் இருந்தது இந்த வாள்தான் என்று எழுதி ஒட்டுவது சரியில்லை. அந்தப் பெயர்கள் மேல் மரியாதை இருந்தால் எறிந்து தாக்கும் வளைந்த ஆயுதமான வளரியின் ரெப்ளிகா ஒன்று வாங்கி வையுங்கள் என்பேன். சின்ன மருது தனக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்ததாக, பின்னாளில் அவரை எதிர்த்துப் போரிட்ட ஆங்கில அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷே எழுதி வைத்திருக்கிறார். தென்னாட்டு வாள்களின் அசல் வடிவம் பார்க்க வேண்டுமானால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த கட்டாரி என்னும் குத்துவாள்களும் வாள்களும் அங்கே இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு வந்தால் கடையில் கண் தானாக வேலை செய்யும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. ஆயுதச் சட்டம் 1959, அதன் விதிகளின்படி கூர்மையான வாளும், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியும் (வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்கானவை தவிர) ஆயுதப் பட்டியலில் வருகின்றன. அதனால் வாய் தீட்டாத மழுங்கல் வாளாகவே வாங்குங்கள், பில் வாங்குங்கள், உங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஊர்வலத்தில் கையில் பிடித்துக்கொண்டு படம் எடுப்பதெல்லாம் வேண்டாம். என் வாள் மழுங்கல்தான், சேகரிப்புக்கு அதில் ஒரு குறைவும் இல்லை.

வீட்டில் வைப்பது பற்றிக் கேட்கிறவர்களுக்கு: பழைய வீடாக இருந்தால் தயவுசெய்து சுவரில் ஆணி அடிக்காதீர்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு ஒருமுறை பெயர்ந்தால் அதே போலப் பூச ஆள் தேடி அலைய வேண்டும், மரத்தில் ஸ்டாண்டு செய்து கீழே வையுங்கள். தேங்காயெண்ணெய் தடவ வேண்டாம், பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும், தையல் மெஷின் எண்ணெய் மெல்லியதாகப் போதும். அலகைத் தொட்டால் விரல் வேர்வையை உடனே துடையுங்கள். தோல் உறையில் மாதக்கணக்கில் போட்டு வைத்தால் தோலின் ஈரமும் பதனிட்ட சத்தும் சேர்ந்து அலகை அரிக்கும், அதனால் வெளியே வைப்பதே நல்லது. ஆயுதபூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்போமே, அதை அலகில் வைக்காமல் உறையில் வையுங்கள். ஈரச் சந்தனம் ஒரே ராத்திரியில் எஃகில் தழும்பு போட்டுவிடும்.

ஆர்டர் கொடுப்பவர்கள் முன்பணம் கொடுக்கும்போதே, பிடி மாட்டுவதற்கு முன்னால் காம்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இந்தக் கடையில் முகம் சுளிக்காமல் அனுப்பினார்கள். கொரியரில் வாளை எடுக்க மாட்டோம் என்பார்கள், அதனால் லாரி பார்சலில்தான் வந்தது, வரத் தாமதமாகும், கடைக்குப் போய்த்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கூடுமான வரை காலையில் போங்கள், அலகை வெயில் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்காமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். அடுத்து அங்கே ஒரு கட்டாரி சொல்லி வைத்திருக்கிறேன், இந்தமுறை உறையை இங்கேயே உள்ளூர்த் தச்சரிடம் செய்துகொள்வதாகப் பேசி விலையில் அதைக் கழித்துக்கொண்டோம்.