சிம்மக்கல் லேத் பட்டறை: யாகி ஆன்டெனாவுக்கு நம்பிப் போகலாம், ஆனால் அக்டோபரில் வேண்டாம்

ராமேஸ்வரம் தீவில் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக வானொலியில் தொடர்பு கொள்வது) போட்டிக்கு ஸ்டேஷன் போடுகிறவர்களுக்காக இது. மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு சின்ன லேத் பட்டறையில் 28 மெகாஹெர்ட்ஸுக்கு மூன்று எலிமென்ட் (குறுக்குக் குழாய்) கொண்ட, ஒரே திசை நோக்கி அலையை அனுப்பும் யாகி ஆன்டெனா செய்து வாங்கினேன். வேலை சுத்தம். அலுமினியக் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று ஆட்டமே இல்லாமல் உட்காருகின்றன, ஐந்து மீட்டர் அளவுக்கு நீளும் எலிமென்டைக் கழற்றிக் கட்டி வேனுக்குள்ளேயே போட்டுவிடலாம். "கடலோரமா? இரும்பு போல்ட்டு துருப்பிடிச்சுரும் தம்பி" என்று பட்டறை அண்ணனே சொல்லி எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) போல்ட்டு போட்டுக் கொடுத்தார், அதுவும் நான் கேட்காமலேயே.

குறை ஒன்றுதான்: வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றால் அடுத்த புதன்தான் கைக்கு வரும். உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசித் தொடர்பு கொள்ளும் சிக்யூ வேர்ல்டு வைட் குரல் போட்டி அக்டோபர் கடைசி வார இறுதியில், நம் நேரப்படி சனிக்கிழமை காலை 5.30க்குத் தொடங்கி 48 மணி நேரம் ஓடும். அந்த மாதத்தை ஒட்டி ஆயுத பூஜை, தீபாவளி என்று பட்டறை பாதி நாள் பூட்டியிருக்கும். ஆகஸ்டிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், 7 மெகாஹெர்ட்ஸுக்கும் யாகி கேட்டுப் பணத்தைக் கரைக்காதீர்கள். தண்ணீரை ஒட்டிச் செங்குத்தாக ஒரு ஆன்டெனா நிறுத்தினால் போதும், உப்புநீரே அலையைத் தாழ்வான கோணத்தில் தூரமாக அனுப்பிவிடும். அதற்கான குழாயும் இங்கேயே கிடைக்கும்.