நின்ற வண்டியா, ஓடிய வண்டியா?

பழைய மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி, தேடினால் பெரும்பாலும் இரண்டு வகை கண்ணில் படும்: குறைவாக ஓடி, பல வருஷம் ஷெட்டில் நின்றது ஒன்று; நிறைய ஓடினாலும் விடாமல் சர்வீஸ் பார்த்தது இன்னொன்று.

முதல் வகையில் ஓடோமீட்டரைப் பார்த்து மயங்க வேண்டாம். நின்ற வண்டியில் முதலில் கெடுவது ரப்பர். டயர் பட்டன் (தரையில் படும் மேடுகள்) புதுசுபோல இருக்கும். பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கும். அங்கே தயாரிப்புத் தேதி நாலு இலக்கத்தில் இருக்கும்: 2315 என்றால் 2015-இன் 23-ஆவது வாரம். மூன்றே இலக்கம் என்றால் 2000-க்கு முந்தைய டயர், பேச்சே வேண்டாம். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். அதனால் சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் உள்ளுக்குள் துருவேறி இறுகியிருக்கலாம். டேங்கில் பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும்.

ஓடிய வண்டியில் இன்ஜின் தேய்மானம்தான் கேள்வி. இன்ஜின் சூடேறுவதற்கு முன்பே போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், சரி, இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடிக்கு அடியில் பால்போல வெளுத்த பசை இருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம். சர்வீஸ் பில்கள் வரிசையாக இருந்தால் என் ஓட்டு இதற்குத்தான்.

சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) துரு இரண்டுக்கும் பொது. ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் விலை பேசாமலே திரும்பிவிடுங்கள்.